நாற்காலிச் சட்டம்

அந்த பார்லரில் எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. முடி வெட்டிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்தவர் தன்னைத் தானே திட்டிக்கொள்ளக் கூடாது. திட்டினால் கத்தரிக்கோல் நின்றுவிடும். தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று, கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னால்தான் மறுபடி ஓடும்.

புதிதாக வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு மாட்டியவர் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரம்மா.

"எப்படி வேணா வெட்டுங்க. பூசணிக்காய்க்கு எந்தத் தொப்பி போட்டா என்ன?"

கத்தரிக்கோல் நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"சட்டம்!" என்று மூலையில் ஒருவருக்குத் தலை அலசிவிட்டுக்கொண்டிருந்த சுருட்டை குரல் கொடுத்தாள். கடையை நடத்தும் இரண்டு பேரில் அவள் ஒருத்தி. ஏன் சுருட்டை என்று யாரும் கேட்டதில்லை. தலையைப் பார்த்தாலே தெரியும்.

சட்டத்தை விளக்கியதும் மருந்துக்கடைக்காரம்மா நெளிந்தார். "என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்."

"அது அவரைப் பத்தி. உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்."

"நான்... டாக்டருங்க எழுதற கிறுக்கல் எதுவா இருந்தாலும் ஒரே பார்வையில படிச்சுடுவேன்."

கடையே கைதட்டியது. கத்தரிக்கோல் ஓடியது. போகும்போது அந்தம்மா வாசல் கண்ணாடியில் ஒரு தரம் நின்று தன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சட்டத்தைப் போட்டவள் கடையை நடத்தும் இன்னொருத்தி, கத்திரி. அது அவள் கணவன் வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்னால், அவன் அவளுடைய நாற்காலியில் வாடிக்கையாளனாக உட்கார்ந்தவன். ஒரு மரச்சாமான் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். "பாத்து வெட்டுங்க, இருக்கறதே கொஞ்சம். அடுத்த வருஷம் இதுவும் இருக்காது. எனக்கெல்லாம் யாரு பொண்ணு குடுப்பா?" என்றான். அவளுக்கு என்ன தோன்றியதோ, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க. அப்பதான் வெட்டுவேன்."

அவன் தரையில் கிடந்த தன் முடியைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தான். பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சொன்னான். "எவ்வளவு பெரிய அலமாரியா இருந்தாலும் சரி, எவ்வளவு குறுகலான மாடிப்படியா இருந்தாலும் சரி, ஒரு கீறல் விழாம கொண்டுபோய் வெச்சுடுவேன்."

அந்த வாக்கியத்திடம் மனசைப் பறிகொடுத்தவள் இன்றுவரை அதைத் திரும்ப வாங்கவில்லை. அவன் சொன்னபடியே அடுத்த வருஷம் முடி போயிற்று. பெண் கிடைத்துவிட்டாள்.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான். கத்திரி எப்போதும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள். தன் முடியைக்கூட வீட்டுக் குளியலறையில் தானே வெட்டிக்கொள்வாள். கடையில் ஊர்ப்பட்ட அம்மாக்களுக்குத் தைரியம் சொல்லும் அந்தக் குரலை, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாள். மகளின் நீச்சல் பை வீட்டிலேயே கிடந்தால், "ச்சே, நானெல்லாம் ஒரு அம்மாவா?" ரொட்டி ஒரு பக்கம் கருகினால் அதே வசனம். காலுறை ஒன்று நீலமாகவும் ஒன்று கறுப்பாகவும் போய்விட்டால் அதே வசனம், கூடவே நெற்றியில் ஒரு அடி.

இதற்கு உரம் போட நாத்தனார் ஒருத்தி. கணவனின் அக்கா. தினமும் காலையில் தன் இரண்டு பிள்ளைகளும் இஸ்திரி போட்ட சீருடையில், படிய வாரிய தலையோடு நிற்கிற படம் ஒன்றைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். கீழே எழுதுவது ஒரே வரிதான்: "கிளம்பிட்டோம்!" அந்தப் படம் வரும்போது கத்திரி வீட்டில் யாராவது ஒருவர் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாள். மகளை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. குளித்த ஈரத்தோடு அடுக்களை முக்காலியில் அவளை உட்காரவைத்து, கண்ணில் விழுந்த முன்முடியின் நுனியைக் கொஞ்சம் எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள் கத்திரி. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி. மருந்துக்கடைக்காரம்மா.

"ஒரே ஒரு சந்தேகங்க. என் பொண்ணுக்கு முன்முடியை நானே வெட்டலாமா?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். "தாராளமா வெட்டுங்க. ஆனா ஈரத் தலையில மட்டும் கை வெச்சுடாதீங்க. ஈரத்துல நீளமாத் தெரியும், காஞ்சதும் கிடுகிடுன்னு மேல ஏறிக்கும்." கறக், கறக். "சுழி இருக்கற தலையா இருந்தா இன்னும் ஜாக்கிரதை. ஒரு பக்கம் ஏறிப்போச்சேன்னு இன்னொரு பக்கத்தைச் சரிபண்ணப் போனீங்கன்னா முடிவே இருக்காது." கறக்.

"அம்மா," என்றாள் கீழேயிருந்து குருவி. "புருவம் மட்டும் ஏன் நீளமா வளரமாட்டேங்குது?"

"அது அடக்கமான முடி, கண்ணு. எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியும்."

"அப்ப அப்பா முடி?"

"அது ரொம்ப அடக்கம்."

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா உள்ளேயிருந்து நுரையோடு ஏதோ ஆட்சேபம் தெரிவித்தான். கத்திரி சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு டிரையரை ஓடவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள். குருவியின் நெற்றியோரத்தில் அப்பா வழிச் சொத்தாக ஒரு சுழி உண்டு. சூடு பட்டதும் முன்முடி முழுவதும் அந்தச் சுழியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றது. நெற்றியின் உச்சியில், பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி, குட்டையாக, விறைப்பாக.

ஊருக்கே முடி வெட்டுகிறவள். ஈரத் தலையில் கை வைக்காதே என்று சொன்ன வாயோடு, ஈரத் தலையில் வெட்டியிருக்கிறாள்.

குருவி டிரையரின் பளபளப்பில் தன்னைப் பார்த்தாள். "அம்மா! என் நெத்தி இவ்வளவு பெருசா!" புதையல் கிடைத்த குரலில்தான் சொன்னாள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து அளந்துகூடப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் குருவிக்கு உதடு பிதுங்கியது. பெரிதாக ஏதோ நடந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி அவளும் அழ ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" கணவன் ஓடிவந்தான். மகளின் தலையைப் பார்த்தான். அவன் வாயோரம் துடித்தது. "நல்லாத்தானே இருக்கு. காத்தோட்டமா."

"நீங்க பேசாதீங்க. போட்டோ எடுக்கற நாளும் அதுவுமா... நானெல்லாம் ஒரு அம்மாவா?"

அதே நேரம் மேசை மேலிருந்த போன் சிணுங்கியது. குடும்பக் குழுவில் நாத்தனார். "கிளம்பிட்டோம்!"

பள்ளி வாசலில் வேறொரு பிள்ளையின் அம்மா குருவியைக் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான் கேட்டாள். "நீங்கதானே பார்லர் வெச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வி கத்திரியோடு கடை வரைக்கும் நடந்து வந்தது. துண்டுகளை மடிக்கும்போது கூடவே மடிந்தது. மத்தியானம் அவள் முடிவெடுத்துவிட்டாள். கடையும் வீடுமாக இரண்டு படகில் கால் வைத்ததால்தான் இப்படி. காலையில் அந்த போன் வராமல் இருந்திருந்தால்? வாடிக்கையாளரே இல்லாத ஒரு அம்மாவாக இருந்திருந்தால்?

டிரையர் வைத்து ஒருவரின் தலையை உலர்த்திக்கொண்டிருந்த சுருட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். "இந்த மாசத்தோட நான் கடையிலருந்து ஒதுங்கிக்கறேன். என் நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கோ."

சுருட்டை அவளை ஒரு கணம் பார்த்தாள். டிரையரின் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினாள். "என்னது? கேக்கல!"

மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் குருவி கதை அளந்தாள். பக்கத்தில் உட்காருகிறவளுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துவிட்டதாம். பொக்கை வாய் அசிங்கமாக இருக்கிறது, படத்துக்குச் சிரிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். "நான் 'சட்டம்!'னு சொன்னேம்மா. நல்லதா ஒண்ணு சொல்லு, அப்பதான் விடுவேன்னேன். அவ, 'எனக்கு விசில் வரும்'னா. பல்லு இல்லாம எப்படி விசில் வரும்னு போட்டோ மாமாவே கேட்டாரு. அவ அடிச்சுக் காமிச்சா. எல்லாரும் சிரிச்சோம், அப்ப எடுத்துட்டாரு."

"ம்," என்றாள் கத்திரி. காது கேட்டது, மனசு வாங்கவில்லை. அவள் கண் மகளின் தலையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து பால் குடிக்கும்போது குருவியின் முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்தது. பால் மேசையெல்லாம் ஓடியது. கத்திரி துணி எடுக்கத் திரும்பியபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ச்சே. நானெல்லாம் ஒரு பொண்ணா?"

கூடவே நெற்றியில் ஒரு அடி. அதே இழுப்பு, அதே சலிப்பு. அந்தச் 'ச்சே'யில்கூட ஒரு சுருதி பிசகவில்லை.

கத்திரிக்குக் கை அப்படியே நின்றது. பால் மேசை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இதை யார் கற்றுக்கொடுத்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குருவியைப் பாட்டுப் போட்டு விளையாட அனுப்பிவிட்டு, கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கடையை விடப்போவதையும் சொன்னாள்.

"விடணும்னா விடு. உனக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கே விடு," என்றான் அவன். "ஆனா முன்முடிக்காக விடாத. முடி வளரும்." தன் தலையைத் தடவிக்கொண்டான். "சில பேருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன் மேலேயே இன்னும் கோபம் வந்தது.

"நாளைக்கு அக்கா உன்கிட்ட முடி வெட்ட வர்றாளாமே," என்றான். "நானும் குருவியும் வர்றோம். கடையில அந்த ஏத்தி இறக்கற பம்ப் போன பழைய நாற்காலியை எடுத்துட்டுப் போகச் சொல்லி சுருட்டை ஒரு மாசமா நச்சரிக்கறா."

நாத்தனார் வருகிறார். கத்திரி பால் துடைத்த துணியை இன்னும் ஒரு தரம் முறுக்கிப் பிழிந்தாள்.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். தன் தலைமுடி எவ்வளவு அடர்த்தி, தான் வண்டியை எவ்வளவு குறுகிய சந்திலும் நிறுத்திவிடுவது, தன் பிள்ளைகள் தன்னைப் போலவே அறிவாளிகள். இந்தச் சட்டத்துக்கு வேலையே வைக்காத முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

குருவி முன்னால் போய் நின்றாள். "அத்தை, என் நெத்தியைப் பாருங்க."

நாத்தனார் குனிந்து பார்த்தார்.

"யாருடி வெட்டினது?"

"அம்மா."

"நல்லா வெட்டியிருக்கா! நம்ம குடும்பத்துச் சுழி இப்பதான் வெளிய தெரியுது. எங்கப்பாவுக்கு இதே இடத்துலதான்." பிறகு சிரித்துக்கொண்டே திரும்பினார். "இதுக்கா ஒரு மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கே? நான் பண்ணினது தெரியுமா? போன மாசம் பள்ளிக்கூடம் லீவு. எனக்குத் தெரியாது. ரெண்டையும் குளிப்பாட்டி, இஸ்திரி போட்டு, படம் எடுத்து, குழுவுல போட்டு, பள்ளிக்கூட வாசல்ல இறக்கிவிட்டுட்டு விர்ருனு போயிட்டேன். கேட்டு பூட்டியிருக்கு. ரெண்டும் அங்கயே காவல்காரரோட உக்காந்து அவர் டிபனைச் சாப்பிட்டிருக்குங்க."

கடை வெடித்துச் சிரித்தது. "டேய் தம்பி, உனக்குக்கூட இது தெரியாதுல்ல?" என்று வாசலில் நின்ற தம்பியையும் சேர்த்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டம்மா போன் பண்ணி இன்னிக்கு லீவுன்னு சொன்னதும் திருப்பினேன் பாரு வண்டியை! என்ன வேகம்! என்னை மாதிரி வேகமா ஓட்டிட்டுப் போற அம்மா இந்த ஊர்ல உண்டா?"

கத்திரியின் கத்தரிக்கோல் தானாக நின்றுவிட்டது. யாரும் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் நின்றுவிட்டது. அந்தக் காலைப் படம் அவளுக்கு நினைவிருந்தது. 'கிளம்பிட்டோம்!' அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு உங்களுக்கு அழுகை வரலையா?"

"வராம? வண்டியிலயே அழுதேன். மூக்கெல்லாம் ஒழுகுது, துடைக்க ஒரு துணி இல்ல. அப்புறம் பசங்களைப் பாத்தேன், சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்துதுங்க. எனக்கும் பசிச்சுது. மூணு பேரும் போய்ச் சாப்பிட்டோம்." தோளைக் குலுக்கினார். "அழுதோம்னா அங்கயே வீடு கட்டிக் குடியேறணுமா என்ன?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கத்திரிக்குத்தான் நெஞ்சுக்குள் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. "எனக்கு அது வரமாட்டேங்குது அண்ணி. நானெல்லாம் ஒரு அம்மாவா..."

"சட்டம்!" குருவியின் குரல் கடையைக் கிழித்தது.

"நான் நாற்காலியில உக்காரலையே கண்ணு."

"அப்ப உக்காரு," என்று நாத்தனார் துணியோடு எழுந்துவிட்டார். ஒரு பக்கம் காது தெரிய வெட்டியாகிவிட்டது, மறுபக்கம் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ம், உக்காருடி. நான் பாதித் தலையோட நிக்கறேன், சீக்கிரம்."

சுருட்டை டிரையரை நிறுத்தினாள். இந்த முறை அவளுக்கு எல்லாம் கேட்டது.

கத்திரி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்க்கும்போது கடை வேறாக இருந்தது. பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறார்கள். குருவி முக்காலியில் ஏறி நின்று, ஒரு சீப்பை எடுத்து, அம்மாவின் முகவாயை ஒரு விரலால் உயர்த்தினாள்.

"தலையை நிமிர்த்துங்க மேடம். உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

அது கத்திரியின் குரல். கடைக்குரல். நேற்று பால் சிந்தியபோது கேட்டதும் அவளுடைய குரல்தான். இரண்டையும் ஒரே குட்டி வாய் வைத்திருக்கிறது. பொக்கைவாய்த் தோழியை விசில் அடிக்கவைத்த கதை, நேற்றுக் காதோடு நின்றுபோனது, இப்போதுதான் உள்ளே வந்து சேர்ந்தது.

"நான்... நல்லா முடி வெட்டுவேன்."

எல்லோர் பார்வையும் ஒன்றாகக் குருவியின் நெற்றிக்குப் போனது. முதலில் சிரித்தவன் கணவன். பிறகு கடை. கத்திரியும்.

"செல்லாது," என்றாள் குருவி கறாராக.

"என் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு."

"அது என்னைப் பத்தி. உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்."

"எனக்கு ஒரு பக்கம் குளிருது," என்றார் நாத்தனார்.

"நான் சொல்லட்டுமா?" என்று கணவன் கை தூக்கினான்.

"மத்தவங்க சொல்லக் கூடாது. அதான் சட்டம்," என்றாள் சுருட்டை.

கத்திரி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒரு அம்மாவாகத் தான் செய்ததையெல்லாம் தேடிப் பார்த்தாள். நீச்சல் பை, கருகிய ரொட்டி, ஜோடி மாறிய காலுறை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்கு நடுவில், நேற்றைய அவசரத்தில், கழுத்தில் போனும் கையில் கத்தரிக்கோலுமாக நின்ற அந்த ஒரு நிமிஷமும் வந்தது. புருவம் ஏன் நீளமாக வளரமாட்டேன் என்கிறது?

"நான்," என்றாள். "என் பொண்ணு என்ன கேட்டாலும், எவ்வளவு அவசரமா இருந்தாலும், 'சும்மா இரு'ன்னு சொன்னதே இல்ல. பதில் சொல்லியிருக்கேன். தெரியாட்டியும் ஏதாவது சொல்லியிருக்கேன்."

குருவி யோசித்தாள். அம்மாவின் முகத்தைக் கண்ணாடியில் கொஞ்சநேரம் பரிசோதித்தாள்.

"செல்லும்," என்றாள்.

கைதட்டலில் சுருட்டையின் சத்தம்தான் பெரிது. கத்திரி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரை மறுபடி உட்காரவைத்தாள். இரண்டாவது பக்கத்தை முதல் பக்கத்தைவிட அழகாக வெட்டினாள். கடை கொஞ்சம் ஓய்ந்ததும் சுருட்டையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நேத்து நான் ஒண்ணு சொன்னேனே..."

"நீ என்ன சொன்னே? எனக்கு எதுவுமே கேக்கல. டிரையர் ஓடிட்டிருந்துச்சு," என்றாள் சுருட்டை. "அந்தப் பழைய நாற்காலியை மட்டும் இன்னிக்காவது எடுத்துட்டுப் போகச் சொல்லு."

கணவன் எடுத்துப்போனான். ஆனால் குப்பைக்கு இல்லை. கத்திரி அவன் காதில் ஏதோ சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டு மாடிப்படி குறுகல். திருப்பத்தில் ஒரு பூந்தொட்டி வேறு. அவன் அந்தக் கனத்த நாற்காலியைத் தோளில் ஏற்றி, மூச்சை அடக்கி, சுவரிலும் கைப்பிடியிலும் ஒரு கீறல்கூட விழாமல் மேலே கொண்டுபோய் அடுக்களை மூலையில் வைத்தான். வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த அதே பார்வையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன பாத்துக்கறீங்க?" என்றாள் குருவி.

"அலமாரி," என்றான் அப்பா.

பம்ப் போன நாற்காலி அது. யாராவது உட்கார்ந்தால் பெருமூச்சு விட்டபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தரையைத் தொடும் முன் நல்லதாக ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று குருவி கிளைச்சட்டம் போட்டாள். முதலில் மாட்டியவன் அப்பா. வேன் சாவியைக் காணோம், எனக்கு மூளையே இல்லை என்று சொல்லிவிட்டான். பாதி இறங்கும்போது, "எனக்குச் சீப்பே வேண்டாம்!" என்று கத்தித் தப்பித்தான். அது செல்லுமா செல்லாதா என்று அன்றைக்கு முழுவதும் வழக்கு நடந்தது.

திங்கட்கிழமை காலை ரொட்டி கருகியது. மேசை மேல் போன் சிணுங்கியது. 'கிளம்பிட்டோம்!' கத்திரி வாயைத் திறந்தாள். "ச்சே, நானெல்லாம்..."

அப்பாவும் மகளும் ஒன்றாகத் திரும்பி மூலையைப் பார்த்தார்கள்.

அவள் போய் உட்கார்ந்தாள். கையில் கருகிய ரொட்டி. நாற்காலி பெருமூச்சு விட்டு இறங்க ஆரம்பித்தது. குருவி குனிந்து குனிந்து அம்மாவின் முகத்தோடு கூடவே கீழே வந்தாள். அவள் நெற்றியில் அந்தக் குட்டைமுடி இன்னும் விறைப்பாகத்தான் நின்றது.

"சீக்கிரம்மா, தரை வந்துடுச்சு!"

"இரு, இரு," என்றாள் கத்திரி சிரித்துக்கொண்டே. "நிறைய இருக்கு. எதைச் சொல்றதுன்னு யோசிக்கறேன்."